மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்

"நம்ம ஊரு வெக்கைக்கும் வேர்வைக்கும் ஸ்டாட்டிக் எங்க தம்பி வரப்போகுது? அதெல்லாம் பனி பெய்யிற ஊருச் சமாச்சாரம்."

விருதுநகர் பக்கம் கடை கடையாகப் போய் கம்ப்யூட்டர், பில் மிஷின், எலெக்ட்ரானிக் தராசு பார்க்கிற எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. அண்ணாச்சிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையால்தான் இத்தனை போர்டுகள் போகின்றன.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஈரம் இருந்தால் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்திருக்கும். உராய்வில் சேரும் மின்னேற்றம் அதன் வழியே கசிந்து போய்விடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பல காலமாகக் காட்டுகிற ஓர் அட்டவணை உண்டு. காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம் உள்ள இடத்தில் ஒருவர் கம்பளத்தில் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான். மேஜையில் கிடக்கும் சாதாரண பாலித்தீன் பையைக் கையில் எடுத்தால் வறண்ட காற்றில் 20,000, ஈரக் காற்றில் 1,200. வினைல் தரையில் நடந்தால் 12,000, 250. ஆக, தூத்துக்குடிக் கடற்காற்றில் ஸ்டாட்டிக் குறைவு என்பது சரியான பேச்சுதான்.

இப்போது மற்ற பாதி. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறதே, அந்தச் சுருக்கை மனிதத் தோல் உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே எது நடந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் சிப்புக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு அடியில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலம். பாதுகாப்புச் சுற்று ஏதும் இல்லையென்றால் அதைத் துளைக்கச் சில வோல்ட்டுகளே போதும். சிப் செய்கிறவர்கள் கால்களில் பாதுகாப்பு டயோடுகள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அப்படியும் நூறு வோல்ட்டில் தொடங்கி அடிபடுகிற பாகங்கள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் பின்பற்றும் ஏ.என்.எஸ்.ஐ. எஸ்20.20 தரநிலை, 100 வோல்ட் தாங்கும் பாகங்களைக்கூடப் பத்திரமாகக் கையாளும் அளவுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சிப்புக்கு 100, 200 போதும். நமக்கு உறைக்க 3,000 வேண்டும். நம் ஊர்க் காற்றில் நடந்தால் ஏறுவது ஆயிரத்துச் சொச்சம். வறண்ட குளிர்நாட்டுக்காரனுக்காவது கை சுருக்கென்று எச்சரிக்கை கிடைக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. சத்தமில்லாமல் ராமைக் கொன்றுவிட்டு, "புது ராமே டூப்ளிகேட் மாலுப்பா" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஏ.சி. போட்ட அறை என்றால் கதையே வேறு. ஏ.சி.யின் குழாயில் சொட்டுச் சொட்டாக வெளியே போகிறதே, அது அந்த அறைக் காற்றின் ஈரம்தான். நாளெல்லாம் ஏ.சி. ஓடும் சர்வர் ரூம், மேலே பாலியெஸ்டர் சீருடை, கீழே நைலான் கம்பளம், காலில் ரப்பர் செருப்பு என்று சேர்ந்துவிட்டால் வெளியே கத்தரி வெயிலும் வேர்வையுமாக இருந்தாலும் உள்ளே குளிர்நாடுதான்.

எங்கள் பக்கத்திலேயே ஸ்டாட்டிக்கைப் பார்த்து யாரும் சிரிக்காத ஊர் ஒன்று இருக்கிறது. சிவகாசி. பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் போகுமுன் வாசலில் எர்த்து செய்து பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது நடைமுறை. நைலான், பாலியெஸ்டர் உடை கூடாது, பருத்திதான். கீழே விரிப்பது மின்னேற்றத்தை வடியவிடும் ரப்பர் விரிப்பு. ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களும் இதைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் இழை ஒன்றோடொன்று ஒட்டும், விலகும், உருளையில் சுற்றிக்கொள்ளும். அதற்காகவே ஆலைக்குள் ஈரம் ஊட்டும் தனி இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். மருந்துக்கும் நூலுக்கும் தெரிந்த விஷயம் மதர்போர்டு விஷயத்தில் மட்டும் ஏன் வேடிக்கையாகப் போகிறது என்றால், மருந்து உடனே வெடிக்கும், நூல் உடனே அறுபடும். மதர்போர்டு அப்படிக் காட்டிக்கொடுக்காது.

ஸ்டாட்டிக் பட்ட போர்டு பெரும்பாலும் அங்கேயே செத்துப்போவதில்லை. அரைகுறையாக அடிபட்டு, சோதித்தால் நன்றாகவே ஓடி, வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சில வாரமோ சில மாதமோ கழித்து, காரணமே இல்லாமல் ஹேங் ஆகத் தொடங்கும். மேலே பளபளப்பாக இருக்கும் சொத்தைக் கத்தரிக்காய் மாதிரி. அறுத்துப் பார்க்கிற வரை தெரியாது, சிப்பையோ நாம் அறுத்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஸ்டாட்டிக்கால் போனது எத்தனை என்று எந்தச் சர்வீஸ் கடையிலும் கணக்கு இருக்காது. எல்லாம் "ஐசி போச்சு" கணக்கில் போய்விடும்.

இதற்கு மருந்து ரிஸ்ட் ஸ்ட்ராப் என்ற கைப்பட்டை. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். மணிக்கட்டில் மாட்டி, வயரின் மறுமுனைக் கிளிப்பை எர்த்தில் போடுவது. பார்க்க வெறும் வயர்தான். ஆனால் அதற்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த ரெசிஸ்டரில்தான் இந்தப் பொருளின் அறிவெல்லாம் இருக்கிறது.

மனித உடம்பைச் சோதனைக்கூடத்தில் 100 பைக்கோ ஃபாரட் கெபாசிட்டராக வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதை 1 மெகா ஓம் வழியாக வடித்தால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் காலியாகிவிடும். அதாவது அவ்வளவு பெரிய தடையை நடுவில் வைத்தாலும் ஸ்டாட்டிக்குக்கு அது ஒரு தடையே இல்லை. ஆனால் தப்பித் தவறி மறுகையில் 230 வோல்ட் பட்டுவிட்டால்? 230-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். உறைக்கக்கூட உறைக்காது. ஸ்டாட்டிக் வடிய வேண்டும், கரெண்ட் பாயக் கூடாது. இந்த இரண்டையும் அந்த ஒரு ரெசிஸ்டர் பார்த்துக்கொள்கிறது.

சில பையன்கள் "இதுக்கு எதுக்கு முந்நூறு ரூவா" என்று செம்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையைப் பிளக்கின் எர்த்து ஓட்டையில் செருகிவிட்டு உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கண்டால் பேசிக்கொண்டிருக்காமல் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்டாட்டிக்கிலிருந்து போர்டைக் காப்பாற்றப் போய்ப் பையனை இழக்க வேண்டாம்.

வெறுங்கால் விஷயமும் இதே சிக்கல்தான். நம் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். தூசிக்காகச் சொன்னது. ஆனால் வெறும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பது ஸ்டாட்டிக்குக்கு நல்ல மருந்து. சிமென்ட் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும், ஏறினது அப்படியே இறங்கிவிடும். அதே வெறுங்கால்தான், எர்த்து இல்லாத கேபினெட்டைத் தொட்டால் ஷாக்கை இழுத்துக்கொள்கிற காலும். ரப்பர் செருப்பு கரெண்டுக்குக் காவல், ஸ்டாட்டிக்குக்குக் கூட்டாளி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் செருப்பைத்தான் சொல்வேன். ஆனால் எர்த்து சரியாக இருந்தால் இந்தத் தேர்வே வேண்டியதில்லை.

அப்படியாக எர்த்துக்கு வந்துவிட்டோம். இங்கேதான் நம் ஊரின் உண்மையான நோய் இருக்கிறது. ஸ்டாட்டிக்கை நான் எழுத எடுத்ததே இதைச் சொல்லத்தான்.

நம் வீட்டு பிளக் பாயிண்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த்து. நேரே நின்று பார்த்தால் வலது கை ஓட்டை பேஸ், இடது கை ஓட்டை நியூட்ரல். எர்த்துப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது அழகுக்கு அல்ல. செருகும்போது முதலில் எர்த்து சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் அது விலக வேண்டும். இந்தப் பின்னுக்கு நம்மாட்கள் செய்கிற கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. டூ பின் சாக்கெட்டில் நுழையவில்லை என்று கட்டிங் பிளேயரால் ஒடிப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே போகிற வயர் இரண்டு கம்பியாக இருக்கும். பிளக் இல்லாமல் இரண்டு வயரை ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் இறுக்குகிற கலையும் இன்னும் சாகவில்லை.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற குற்றம். சுவருக்குப் பின்னால் நடப்பதுதான் மோசம். மூன்றாவது ஓட்டையில் பச்சை வயர் இருக்கும். அந்த வயர் மீட்டர் பெட்டி வரை போகும். அங்கிருந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு குழிக்குப் போக வேண்டும். வீடு கட்டியபோது கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு ஜி.ஐ. பைப்பை இறக்கிய குழி. நடுவில் பின்பக்கத் தளம் போட்டபோது அதை மூடியிருப்பார்கள். அல்லது குழியில் கம்பியை இறுக்கிய போல்ட் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், அதே உப்பு இரும்பையும் தின்னும். போதாததற்கு எங்கள் பக்கம் கரிசல். மழைக்காலத்தில் அதைவிட நல்ல எர்த்து மண் கிடையாது. சித்திரையில் கையளவு வெடிப்பு விட்டுப் பைப்பை விட்டு விலகி நிற்கும். அதனால்தான் அந்தக் காலத்து வயர்மேன்கள் குழியின் தலையில் ஒரு புனல் வைத்து, கோடையில் வாரத்துக்கு ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அந்தப் புனல் எதற்கென்றே இன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. புதிதாகப் போடுகிறவர்கள் கரி, உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண் கலவை போடுகிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல முன்னேற்றம்தான், கம்பி இணைப்பை வருடம் ஒருமுறை பார்ப்பதானால்.

எர்த்து செத்துப்போன வீட்டில் கம்ப்யூட்டர் கேபினெட்டைப் புறங்கையால் தடவினால் விர்ரென்று ஓர் ஊறல் தெரியும். டெஸ்டர் வைத்தால் எரியும். "எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகுது, மாத்தணும்" என்று புதிது மாட்டுவார்கள். புதியதிலும் எரியும். எஸ்.எம்.பி.எஸ். என்ற அந்தப் பவர் சப்ளைப் பெட்டியின் உள்ளே பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்ன கெபாசிட்டர்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் வட்டமாக, பாடிக்குப் போகும். இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த்து அறுந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் பாடி தொங்கும். 230-இல் பாதி, 115 வோல்ட். மிஷினில் பழுதே இல்லை. அது போக வேண்டிய வழியை நாம் அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஒரு கம்ப்யூட்டரில் இப்படிக் கசிவது சாதாரணமாக 0.35 மில்லி ஆம்பியர் அளவு; ஊறும், கொல்லாது. ஆனால் 30 கம்ப்யூட்டர் உள்ள பள்ளிக்கூட லேபில் எல்லாப் பாடியும் ஒரே பச்சை வயரில் கட்டப்பட்டு, அந்த வயர் குழிக்குப் போகிற வழியில் அறுந்திருந்தால்? எல்லாக் கசிவும் சேரும். முப்பதும் சேர்ந்தால் 10 மில்லி ஆம்பியர். கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகிற எல்லை அது. வெறுங்காலோடு நிற்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை எந்த மிஷினைத் தொட்டாலும் முப்பது மிஷின் கசிவும் அந்தப் பிள்ளை வழியாகத்தான் போகும். லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த வேலையாக இதைப் பாருங்கள்.

மிஷினுக்கு என்ன ஆகிறது என்றால், 115 வோல்ட்டில் தொங்குகிற கேபினெட்டுக்கும் எர்த்து ஆகியிருக்கும் வேறொரு கருவிக்கும் இடையே நீங்கள் ஒரு கேபிளைச் செருகும் கணத்தில் அந்த வித்தியாசம் கேபிள் வழியே பாய்கிறது. யு.எஸ்.பி. நல்ல பிள்ளை, அதில் கிரவுண்டுப் பின் நீளம், டேட்டாப் பின்னுக்கு முன்பே சேர்ந்துவிடும். பழைய ஆடியோ, வீடியோ ஆர்.சி.ஏ. பின்னில் நேர்மாறு, நடுவில் இருக்கும் சிக்னல் பின்தான் முதலில் தொடும். டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. போர்ட் போவது, ஆம்ப்ளிஃபயரின் இன்புட் ஐசி போவது, பில் பிரிண்டரின் போர்ட் போவது, இவற்றில் பலவற்றுக்கு மூலம் இதுதான். அதனால் எர்த்து சந்தேகமான இடத்தில் இரண்டு கருவியின் பவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. நம் சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் அறுக்கும். எந்தக் கம்பியை அறுக்கிறது என்பது வயரிங் செய்தவருக்கு அன்றைக்கு இருந்த மனநிலையைப் பொறுத்தது.

கேபினெட்டைத் திறந்து வேலை செய்வதிலும் இது வருகிறது. இணையத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம், "பவர் கார்டைச் சுவரில் மாட்டிய நிலையிலேயே, பின்னால் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, கேபினெட்டைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், எர்த்து கிடைக்கும்" என்று சொல்லும். சுவருக்குப் பின்னால் எர்த்து நிச்சயம் இருக்கிற நாட்டுக்கு அது சரி. இங்கே அந்தப் பச்சை வயரில் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரும் மோட்டாரும் கூடக் கட்டப்பட்டிருக்கின்றன. குழி செத்துப்போய், ஹீட்டரில் பேஸ் பாடியில் பட்டுவிட்டால், அந்த 230 வோல்ட் பச்சை வயர் வழியாகவே ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மிஷினுக்கும் உங்கள் கேபினெட்டுக்கும் விருந்தாளியாக வரும். உயிரில்லாத எர்த்து, எர்த்தே இல்லாததைவிடக் கெட்டது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு கருவியின் பழுதை வீடு முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கும்.

அப்படியானால் எர்த்து இல்லாத இடத்தில் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை எங்கே மாட்டுவது? இதை நிறையப் பேர் கேட்பார்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பூமியே தேவையில்லை. உங்கள் கை, கேபினெட், ராம் வைத்திருக்கிற பை, மூன்றும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிட்டால் பாய்வதற்கு ஒன்றும் இல்லை. வானத்தில் பறக்கிற விமானத்துக்கு எந்தக் குழியில் எர்த்து போட்டிருக்கிறது? அதற்குள்ளும் எலெக்ட்ரானிக்ஸ் ஓடத்தானே செய்கிறது.

புது ராமைப் பையிலிருந்து எடுக்குமுன் பையோடு சேர்த்துக் கேபினெட்டில் ஒருமுறை தொட்டுவிட்டு எடுப்பது இதே காரணத்துக்குத்தான். பை என்றதும் ஒரு வார்த்தை. ரோஸ் நிற பாலித்தீன் பை தானாக ஸ்டாட்டிக் உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது. தடுப்பது வெள்ளி நிறப் பை, உள்ளே உலோகப் படலம் உள்ளது. அதுவும் ஓட்டையில்லாமல், வாய் மூடியிருந்தால்தான். ஓட்டை விழுந்த வெள்ளிப் பையைப் பத்திரமாக மடித்துவைத்து மறுபடி பயன்படுத்துகிறவர்களின் சிக்கனத்தை மதிக்கிறேன், ஆனால் அது பை அல்ல. ஹார்டு டிஸ்க்கைத் தெர்மோகோல் பெட்டியில் வெறுமனே போட்டு அனுப்புகிறவர்களைப் பற்றி எழுதினால் நாகரிகமாக எழுத முடியாது.

தெர்மோகோல், பபிள் ராப், பிளாஸ்டிக் டப்பா, செல்லோ டேப் எல்லாம் இன்னொரு விதத்தில் மோசம். இவற்றில் ஏறின மின்னேற்றத்தை எர்த்து வயர் கட்டி இறக்க முடியாது, கடத்தாத பொருளாயிற்றே. ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வேலை மேஜையிலிருந்து அவற்றை அப்புறப்படுத்துவதுதான் வழி. தூசி தட்ட எடுக்கும் நைலான் பெயின்ட் பிரஷும் இந்தக் கட்சிதான். போர்டில் தேய்க்கத் தேய்க்க ஏற்றிக்கொண்டே இருக்கும். கறுப்பு நிறத்தில் இதற்கென்றே பிரஷ் விற்கிறது. நுண்ணிய தராசு வைத்திருக்கும் மருந்துக் கம்பெனி, கல்லூரி லேப்காரர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிற தராசில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்தால், எண் நிற்காமல் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். தராசு கெட்டுவிட்டது என்று போன் வரும். கண்ணாடிக்கோ உலோகத்துக்கோ மாறச் சொன்னால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்; இல்லையென்றால் மின்னேற்றத்தைச் சமன்செய்யும் அயனைசர் வைக்க வேண்டும்.

எர்த்து இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டெஸ்டர் இதற்கு உதவாது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரெண்ட் மிகச் சொற்பம், நூல் அளவு தொடர்பு இருந்தாலும் 230 காட்டிவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, வீட்டில் லோடு ஓடும்போது பாருங்கள். ஓரிரு வோல்ட் வந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டி நின்றால் ஆளைக் கூப்பிடுங்கள். அச்சு அசலாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். குழி தோண்டச் சோம்பல்பட்ட யாரோ ஒருவர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கலாம். மீட்டரில் எல்லாம் அருமையாகத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக வந்த பேஸ் உங்கள் எல்லாக் கருவியின் பாடியிலும் ஏறி நிற்கும். குழியின் உண்மையான தடையை அளக்க எர்த்து டெஸ்டர் என்ற தனிக் கருவி இருக்கிறது. தரையில் இரண்டு கம்பி அடித்து அளப்பது. நல்ல எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரிடம் இருக்கும்.

அளந்து 5 ஓம் வந்தால் நல்ல குழி என்பார்கள். வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேஸ் பாடியில் பட்டால் 5 ஓம் குழி வழியாகப் பாயக்கூடியது அதிகபட்சம் 230-ஐ 5-ஆல் வகுத்த 46 ஆம்பியர். வீட்டு மெயினில் ஃபியூஸுக்குப் பதில் உள்ள 32 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அதற்கு உடனே விழாது. ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். குழி 20 ஓம் என்றால் பதினொன்றரை ஆம்பியர், 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட அசையாது, பாடியில் கரெண்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த்து மட்டும் போட்டால் ஃபியூஸ் போய்விடும் என்பது பாதி வீடுகளில் நடக்காத காரியம். அதற்குத்தான் ஆர்.சி.சி.பி. என்ற கசிவு பார்க்கும் சுவிட்ச். போகிற கரெண்டையும் வருகிற கரெண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும். எர்த்து சுமாராக இருந்தாலும் வெட்டும். என்னிடம் யாராவது "பட்ஜெட் கம்மி, ஒண்ணு மட்டும் சொல்லு" என்றால், ஸ்டெபிலைசருக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

"அதைப் போட்டா அடிக்கடி ட்ரிப் ஆகுது தம்பி" என்பார்கள். ஆகும். இன்வெர்ட்டர் மாட்டியவர் அதன் நியூட்ரலை ஈ.பி. நியூட்ரலோடு கண்ட இடத்தில் முறுக்கியிருப்பார், போகிற கரெண்டும் வருகிற கரெண்டும் ஒத்துப்போகாது, விழும். அல்லது மேலே சொன்ன கெபாசிட்டர் கசிவு: ஒரே ஆர்.சி.சி.பி.யில் ஐம்பது கம்ப்யூட்டர் மாட்டினால் சும்மா இருக்கும்போதே 15 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். விதிப்படி 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம். கம்ப்யூட்டர்களைப் பிரித்து நாலைந்து ஆர்.சி.சி.பி. போடுவதுதான் வைத்தியம். நடப்பதோ, அதை பைபாஸ் செய்துவிட்டு, பெட்டியில் அழகுக்கு விட்டுவைப்பது.

கடைசியாக, சர்வர், சி.சி.டி.வி. மாட்ட வருகிறவர்கள் கேட்கிற "தனி எர்த்து". எலெக்ட்ரானிக்ஸுக்கென்று புதிதாக ஒரு குழி தோண்டி, பழைய குழியோடு சேர்க்காமல் தனியாக விடச் சொல்வார்கள், சுத்தமான எர்த்தாம். இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது குழி தோண்டுங்கள், தாராளமாக. ஆனால் முதல் குழியோடு கனமான பட்டையால் இணைத்துவிடுங்கள். இடி விழும்போது பாய்வது சாதாரணமாக 30,000 ஆம்பியர். 5 ஓம் குழியில் அது இறங்கினால் அந்தக் குழியின் தலை ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு எகிறும். பக்கத்துக் குழி பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு குழியில் பவர், இன்னொரு குழியில் நெட்வொர்க் என்று கட்டிய கருவி நடுவில் நிற்கிறது. வித்தியாசம் முழுவதும் அதன் வழியாகத்தான் பாயும். எல்லாம் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. விமானக் கணக்கு இங்கேயும் அதேதான்.

கேபிள் டி.வி. வயர் இந்த விஷயத்தில் ஊரறிந்த குற்றவாளி. தெருக் கம்பங்களில் எர்த்தே பார்க்காமல் தொங்கி வந்து நேராக செட்டாப் பாக்ஸுக்குள் நுழைகிறது. மாடியில் டிஷ் வைத்தவர்களுக்கும் இதே கதிதான். பவரை மட்டும் அணைத்துவிட்டு, இந்த வயரைப் பிடுங்காமல் விட்ட டி.வி.க்கள்தான் சித்திரை இடிமழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் பிறகு என் மேஜைக்கு வரிசையாக வரும். ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றவில்லையா என்று கேட்பார்கள். அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் அதிகப்படி வோல்ட்டை எர்த்துக்குத்தான் தள்ள வேண்டும். எர்த்து இல்லாத சுவரில் மாட்டினால் அது சிவப்பு விளக்கு எரிகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வேறில்லை. இடிச் சத்தம் தூரத்தில் கேட்கிறபோதே பவர், கேபிள், லேண்ட்லைன் மூன்றையும் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள். அப்போது வயரைத் தொடுகிற கை உங்களுடையது.